22 ஜோடி பூட்ஸ் வைப்பதற்கு முன்: முன்னாள் படைவீரர் தற்கொலைத் தடுப்புக்கு எந்த மாதிரி விழிப்புணர்வு உதவும்?

கேள்வி இதுதான்: டெக்சாஸில் சான் அன்டோனியோ பக்கம் வசிக்கும் சில தமிழ்க் குடும்பங்கள், கூட வேலை பார்க்கும் முன்னாள் படைவீரர்களுக்காக நவம்பர் 11, படைவீரர் தினத்தன்று ஒரு நிகழ்ச்சி நடத்த நினைக்கிறார்கள். "நாளொன்றுக்கு 22 பேர்" என்ற பேனர், வரிசையாக 22 ஜோடி பூட்ஸ், ஆளுக்கு 22 தண்டால், மகனை இழந்த ஒரு குடும்பத்தின் பேச்சு என்பது திட்டம். இது போதுமா, வேறு என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார்கள்.

படிக்கும்போதே யாரையாவது நினைத்து மனம் பதறினால் மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் 988 என்ற நெருக்கடி உதவி எண்ணை அழைத்து, முன்னாள் படைவீரர்களுக்கான பிரிவுக்கு 1 அழுத்துங்கள். பேச முடியாதென்றால் 838255-க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். இந்தியாவில் டெலி-மானஸ் 14416, சென்னையில் சினேகா 044-24640050. இலங்கையில் 1926. உங்களுக்காக மட்டுமல்ல, வேறொருவரைப் பற்றிக் கவலைப்பட்டும் அழைக்கலாம்.

இனி பதில். போதாது. கூட்டம் வரும், படம் எடுப்பார்கள், மனம் கனத்து வீட்டுக்குப் போவார்கள். ஆனால் பக்கத்து வீட்டு முன்னாள் மரீன் நாலு நாளாகத் தூங்காமல் குடித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரியவந்தால் மறுநாள் காலையில் என்ன செய்வதென்று அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று சொல்வது செய்தி. என்ன கேட்பது, யாரை அழைப்பது, துப்பாக்கியை எங்கே வைப்பது என்று கையில் கொடுத்தனுப்புவதைத்தான் விழிப்புணர்வு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நிகழ்ச்சியின் ஒவ்வொரு அம்சத்தையும் இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள்; பாதி தானாகவே கழிந்துவிடும்.

முதலில் பேனரில் உள்ள எண். அது 2013 பிப்ரவரியில் வி.ஏ. எனப்படும் அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை வெளியிட்ட அறிக்கையில் வந்தது. 21 மாநிலங்களின் இறப்புச் சான்றிதழ்களை வைத்துப் போட்ட மதிப்பீடு. முன்னாள் படைவீரர்கள் மிக அதிகமாக வாழும் கலிஃபோர்னியாவும் உங்கள் டெக்சாஸும் அந்த 21-இல் இல்லை. சான்றிதழில் "ராணுவத்தில் பணியாற்றியவரா" என்ற கட்டம் எப்போதும் சரியாக நிரப்பப்படுவதில்லை என்பதை அந்த அறிக்கையே ஒத்துக்கொண்டது. பிறகு 2016-இல், எல்லா மாநிலங்களிலிருந்தும் 1979 முதல் 2014 வரையிலான ஐந்தரைக் கோடிக்கும் மேற்பட்ட ஆவணங்களைச் சரிபார்த்தபோது 20 என்று வந்தது. 2018-இல் அந்த இருபதையும் பிரித்துக் காட்டினார்கள்: 2015-ஆம் ஆண்டின் 20.6-இல் 16.8 பேர்தான் முன்னாள் படைவீரர்கள், மீதி 3.8 பேர் பணியில் இருந்தவர்களும் தேசியக் காவல்படை, ரிசர்வ் பிரிவினரும். 2024 இறுதியில் வந்த அறிக்கைப்படி 2022-இல் தற்கொலையால் இறந்த முன்னாள் படைவீரர்கள் 6,407 பேர், நாளுக்கு 17.6.

அதற்காக, 22-லிருந்து 17.6-க்குக் குறைந்துவிட்டது என்று யாராவது மைக்கைப் பிடித்தால் அதுவும் தப்பு. கணக்குப் போட்ட முறை மாறியிருக்கிறது. நாட்டில் உயிரோடிருக்கும் முன்னாள் படைவீரர்களின் எண்ணிக்கையும் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிவருகிறது. எண்ணிக்கையை விட்டு விகிதத்தைப் பார்த்தால், வயது, பாலின வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்த பிறகும் மற்ற அமெரிக்கப் பெரியவர்களைவிட இவர்களிடம் தற்கொலை கணிசமாக அதிகம். மேடையில் ஓர் எண் சொல்லியே ஆகவேண்டுமென்றால் 2022-இன் எண்ணை ஆண்டோடு சேர்த்து ஒரே முறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

எண் பழையது என்பதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும், ஏற்கெனவே மனம் உடைந்த ஒருவருடைய காதில் "தினமும் 22 பேர்" என்பது எப்படி விழும்? நம்மைப் போன்றவர்கள் இப்படித்தான் போகிறார்கள், இது நமக்கு வழக்கம்தான் என்று விழும். ஊடக வழிகாட்டிகள் தற்கொலையை "அலை", "தொற்று" என்றெல்லாம் எழுதாதீர்கள் என்பது இதனால்தான். மறுபுறம், இதே நிலையைக் கடந்து வந்தவர்களின் கதைகளை, எப்படிக் கடந்தார்கள் என்ற விவரத்தோடு சொல்லும்போது பாதுகாப்பு கூடுகிறது என்று 2010-இல் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். தற்கொலை எண்ணம் வந்த முன்னாள் படைவீரர்களில் மிகப் பெரும்பாலோர் தற்கொலையால் இறப்பதில்லை. இந்தச் செய்தி எந்தப் பேனரிலும் வருவதில்லை என்பதுதான் விசித்திரம்.

அடுத்தது போஸ்டர் படம். பாலைவன நிறச் சீருடை, தலையைக் கையில் தாங்கிய முப்பது வயது இளைஞன், பின்னால் அமெரிக்கக் கொடி: எல்லாரும் இதையே அச்சடிக்கிறார்கள். ஆனால் 2014 கணக்கில் இறந்தவர்களில் நூற்றுக்கு 65 பேர் ஐம்பது வயதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். வியட்நாம் காலத்தவர்கள், போரே பார்க்காமல் ஜெர்மனியிலோ கொரியாவிலோ பணியாற்றி வந்தவர்கள், மனைவியை இழந்து தனியாக இருப்பவர்கள், முதுகுவலிக்கு வருஷக்கணக்கில் மாத்திரை போடுபவர்கள். விகிதம் உச்சத்தில் இருப்பது 18 முதல் 34 வயதுக்காரர்களிடம். எண்ணிக்கை குவிந்திருப்பது வயதானவர்களிடம். இரண்டும் உண்மை. இளைஞன் படத்தை மட்டும் போட்டால் எழுபது வயதுக்காரர் "இது என் பேரன் சமாச்சாரம்" என்று நகர்ந்துவிடுவார். பெண்கள் அந்தப் படத்தில் எங்குமே இருப்பதில்லை. படையிலேயே பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடமும் ஆண்களிடமும் ஆபத்து அதிகம் என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம்.

போருக்குப் போனதுதான் காரணம் என்ற எண்ணமும் அப்படித்தான். 2001 முதல் 2007 வரை பணியாற்றிய 39 லட்சம் பேரைத் தொடர்ந்து பார்த்து 2015-இல் வெளியான ஆய்வில், ஈராக்குக்கோ ஆப்கானிஸ்தானுக்கோ அனுப்பப்பட்டதற்கும் தற்கொலைக்கும் நேரடித் தொடர்பு தெரியவில்லை. படையை விட்டு வெளியேறியதற்கும் தற்கொலைக்கும்தான் தொடர்பு இருந்தது. அதிலும் நான்கு ஆண்டு முடிவதற்குள் வெளியேறியவர்களிடமும், நற்சான்று இல்லாமல் அனுப்பப்பட்டவர்களிடமும் ஆபத்து கூடுதலாக இருந்தது. பிரிட்டனிலும் 2009-இல் வெளியான ஆய்வு, படையை விட்ட 24 வயதுக்குட்பட்ட ஆண்களிடம் விகிதம் அதே வயதுப் பொதுமக்களைவிட இரண்டு மூன்று மடங்கு என்று சொன்னது. ஆகவே நாம் கவனிக்க வேண்டியது பதக்கம் குத்திய வீரரை மட்டுமல்ல. பயிற்சியிலேயே காயப்பட்டு எட்டு மாதத்தில் வீடு திரும்பி, "நானெல்லாம் வெட்டரன்னு சொல்லிக்க முடியாது" என்று ஒதுங்கி நிற்கும் பையனையும்தான். உங்கள் அழைப்பிதழில் "ஒரு நாள் சீருடை போட்டிருந்தாலும் வாருங்கள்" என்று ஒரு வரி சேர்த்தால் அவனும் வருவான்.

இன்னொரு எச்சரிக்கை. "நாட்டுக்காக நொறுங்கிப்போனவர்கள்" என்கிற தொனி வேண்டாம். நிகழ்ச்சிக்கு வரும் நிறுவன மேலாளர் அதைக் கேட்டுவிட்டு அடுத்த நேர்காணலில் முன்னாள் படைவீரரைப் பார்த்துத் தயங்குவார். வேலை கிடைக்காமல் போவது யாருக்கு ஆபத்து என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, யாருக்குச் சொல்வது? 2022-இல் இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வி.ஏ. மருத்துவமனைப் பக்கமே அண்மையில் போகாதவர்கள். அவர்களை மருத்துவர் பார்க்கவில்லை. ஆனால் மனைவி பார்த்தார், முடிவெட்டுபவர் பார்த்தார், பாரில் ஊற்றிக்கொடுப்பவர் பார்த்தார், விவாகரத்து வழக்கறிஞர் பார்த்தார், ஷிஃப்ட் சூப்பர்வைசர் பார்த்தார். உங்கள் நிகழ்ச்சிக்கு நானூறு பேர் வந்து கைதட்டுவதைவிட, இந்த மாதிரி இருபது பேர் உட்கார்ந்து அரை மணி நேரம் பயிற்சி எடுப்பது பயன் தரும். வி.ஏ.-வே பொதுமக்களுக்கென்று ஒரு குறுகிய பயிற்சி வைத்திருக்கிறது. அறிகுறியைக் கவனி, நேரே கேள், சொல்வதை ஏற்றுக்கொள், உதவி வரை கூடவே போ என்ற நாலு படி. இணையத்தில் அரை மணி நேரத்துக்குள் முடியும், கட்டணம் கிடையாது. வி.ஏ. மருத்துவமனைகளில் இதற்கென்றே தற்கொலைத் தடுப்பு ஒருங்கிணைப்பாளர் இருக்கிறார். ஆறு வாரம் முன்னதாகக் கேட்டால் நேரில் வந்தே நடத்தித் தருவார்கள்.

அந்த நாலில் எல்லாரும் சறுக்குவது இரண்டாவது படியில். கேட்டால் எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம். அப்படி ஆவதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் பாரம் இறங்குகிறது. ஆனால் கேட்கிற விதம் இருக்கிறது. "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்று நாம் கேட்போம். இந்தக் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. எதிரில் இருப்பவர் நம்மைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று "சேச்சே, இல்லை" என்றுவிடுவார். கேட்க வேண்டியது இப்படி: "பாப், நீங்க ரெண்டு வாரமா தூங்கலைன்னு சொன்னீங்க, வேலையும் போயிடுச்சு. இந்த மாதிரி நிலைமையில சிலருக்குத் தற்கொலை எண்ணம் வரும். உங்களுக்கு வருதா?" முதலில் நாம் கண்ணால் கண்டது, அடுத்து இது மற்றவர்க்கும் வருவதுதான் என்ற வார்த்தை, பிறகு சுற்றி வளைக்காத கேள்வி. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பத்து விநாடி மௌனம் பத்து நிமிஷமாகத் தெரியும். அந்தப் பத்து விநாடியில் நாம் பேச்சை மாற்றிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு.

"ஆமாம்" என்று பதில் வந்தால் குழந்தைகளை நினைத்துப் பார், கடவுள் தந்த உயிர் என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் ஏற்கெனவே தன்னை எல்லாருக்கும் பாரம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர். குற்ற உணர்வு இன்னும் ஒரு மூட்டை கூடும். "சொன்னது நல்லதாச்சு. நான் இங்கேயே இருக்கேன். சேர்ந்தே ஃபோன் பண்ணலாம்" என்பது போதும். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு 988, பிறகு 1. வி.ஏ.-வில் பதிந்திருக்க வேண்டியதில்லை, பெயர் சொல்லவும் கட்டாயமில்லை. 1 அழுத்தாவிட்டாலும் யாராவது எடுப்பார்கள், ஆனால் பொது உதவி மையத்துக்குப் போகும். இந்த எண்ணை உங்கள் தொண்டர்கள் அத்தனை பேரும் நிகழ்ச்சிக்கு முன்பே தங்கள் கைபேசியில் சேமித்துவைத்திருக்க வேண்டும். அச்சடித்த அட்டையில் பழைய பத்து இலக்க எண் மட்டும் இருந்தால் புதிதாக அடியுங்கள். நெருக்கடியில் பத்து இலக்கம் யாருக்கும் நினைவில் நிற்காது.

பணம் பற்றிய பயமும் பலரை மருத்துவமனைக்குப் போகவிடாமல் தடுக்கிறது. 2023 ஜனவரி 17 முதல் நடைமுறையில் இருக்கும் காம்பாக்ட் சட்டத்தின்படி, கடுமையான தற்கொலை நெருக்கடியில் இருக்கும் முன்னாள் படைவீரர் எந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கும் போகலாம், வி.ஏ. மருத்துவமனையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 30 நாள் வரை உள்நோயாளியாகவும் 90 நாள் வரை புறநோயாளியாகவும் சிகிச்சைச் செலவை வி.ஏ. ஏற்கும். 24 மாதத்துக்கு மேல் பணியாற்றி, அவமதிப்புடன் நீக்கப்படாமல் வெளியேறியவர்களுக்குப் பொருந்தும். வேறு சில பிரிவினருக்கும் உண்டு. வி.ஏ.-வில் முன்பே பதிந்திருக்கத் தேவையில்லை. இது நடைமுறையில் இடறும் இடம் ஒன்று: தனியார் மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில் இருப்பவருக்கு இந்தச் சட்டம் தெரிந்திருக்காது, பில் வீட்டுக்கே வந்துவிடும். அவசரப் பிரிவில் சேர்ந்ததும் "இவர் முன்னாள் படைவீரர், 72 மணி நேரத்துக்குள் வி.ஏ.-வுக்குத் தகவல் கொடுங்கள்" என்று கூடப் போனவர் சொல்ல வேண்டும். சொன்ன நேரத்தையும் யாரிடம் சொன்னோம் என்பதையும் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. நிகழ்ச்சியில் கொடுக்கும் அட்டையின் பின்பக்கத்தில் இந்த இரண்டு வரியை அச்சடித்தால் அது எந்தப் பேச்சைவிடவும் உபயோகம்.

இப்போது பலர் தொடத் தயங்கும் விஷயம். 2022-இல் இறந்த முன்னாள் படைவீரர்களில் நூற்றுக்கு 73 பேருக்குச் சற்று அதிகமானோர் துப்பாக்கியால் இறந்தார்கள். டெக்சாஸில் இதைப் பேசினால் அரசியலாகிவிடும் என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒதுக்கினால் மிச்சமெல்லாம் ஒப்புக்குச் செய்ததாகிவிடும். பேசுவதற்கு வழியிருக்கிறது; நியூ ஹாம்ப்ஷயர் அதைக் காட்டியது. 2009-இல் அங்கே ஒரு வாரத்துக்குள், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத மூன்று பேர் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கி, சில மணி நேரத்திலேயே உயிரிழந்தார்கள். கடைக்காரர் ரால்ஃப் டெமிக்கோ அதைக் கேட்டு அதிர்ந்துபோனார். துப்பாக்கிக் கடைக்காரர்கள், துப்பாக்கி உரிமையை ஆதரிப்பவர்கள், தற்கொலைத் தடுப்புப் பணியாளர்கள் எல்லாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். சட்டம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நெருக்கடியில் இருக்கும் வாடிக்கையாளரை எப்படி அடையாளம் காண்பது, விற்காமல் எப்படி நாசூக்காக மறுப்பது என்று கடைக்காரருக்கு ஒரு குறிப்பு. நண்பர் மனம் சரியில்லாமல் இருந்தால் அவருடைய துப்பாக்கிகளைக் கொஞ்ச நாள் நீங்கள் வாங்கிவையுங்கள் என்று வாடிக்கையாளருக்கு ஒரு போஸ்டர். அவ்வளவுதான். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது ஏறக்குறைய பாதிக் கடைகளில் அவற்றில் ஏதாவது ஒன்று கண்ணில் படும்படி இருந்தது. வேறு பல மாநிலங்களும் பிறகு இதை எடுத்துக்கொண்டன.

இது ஏன் வேலை செய்கிறது என்றால், நெருக்கடியின் உச்சம் குறுகியது. ஹூஸ்டனில் கிட்டத்தட்ட உயிர்போகும் அளவுக்கு முயன்று பிழைத்த இளம் வயதினரைக் கேட்ட ஆய்வில், தீர்மானத்துக்கும் செயலுக்கும் இடையே ஐந்து நிமிடம்கூட இல்லை என்று சுமார் கால்வாசிப் பேர் சொன்னார்கள். பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிற்பாடும் தற்கொலையால் இறப்பதில்லை. ஆக, அந்த நேரத்தில் ஆயுதம் கைக்கெட்டாமல் இருந்தால் உயிர் மிஞ்சுகிறது. இஸ்ரேல் ராணுவம் 2006-இல், வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுச்செல்ல வேண்டும் என்று மாற்றியது. இளம் வீரர்களின் தற்கொலை 40 சதவீதம் குறைந்தது. குறைந்தவை வார இறுதி இறப்புகள்தான். வேறு வழியைத் தேடிப் போயிருப்பார்கள் என்ற வாதம் இங்கே நிற்கவில்லை.

உங்கள் நிகழ்ச்சியில் ஒரு மேஜையை இதற்கு ஒதுக்குங்கள். அந்த மேஜையில் நிற்பவர் துப்பாக்கி வைத்திருக்கும் முன்னாள் படைவீரராக இருக்க வேண்டும். துப்பாக்கியே தொடாத நம்மைப் போன்றவர் நின்றால் யாரும் நெருங்கமாட்டார்கள். கேபிள் பூட்டுகளை வி.ஏ. இலவசமாகவே தருகிறது, ஒருங்கிணைப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டுப் பெட்டியாக வாங்கிக்கொள்ளுங்கள். பூட்டைக் கொடுத்தால் மட்டும் போதாது, காட்ட வேண்டும்: முதலில் குண்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்து, உள்ளே எதுவுமில்லை என்று இரண்டு முறை பார்த்து, கேபிளை நுழைத்துப் பூட்டி, சாவியை வீட்டில் வேறொருவரிடம் கொடுப்பது. குண்டுகள் வேறு இடத்தில், வேறு பூட்டில். தவறு நடக்கும் இடங்கள் எப்போதும் அதேதான்: சாவி அதே அலமாரியின் ஆணியில் தொங்கும், வேட்டைத் துப்பாக்கியைப் பூட்டிவிட்டுத் தலையணைப் பக்கத்துக் கைத்துப்பாக்கியை விட்டிருப்பார்கள், பாதுகாப்புப் பெட்டியின் ரகசிய எண் யாருக்காகப் பூட்டினார்களோ அவருக்கே தெரிந்திருக்கும். நெருக்கடி உள்ள வீட்டில் பூட்டைவிட வீட்டுக்கு வெளியே வைப்பதே மேல். "நிலைமை சரியாகிற வரைக்கும் என்கிட்ட இருக்கட்டும், நீங்க சொன்னதும் ரெண்டு பேருமா உட்கார்ந்து பேசிட்டுத் தர்றேன்" என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். பறிப்பது போல இருந்தால் ஒளித்துவைப்பார்கள். யாரிடம் ஒப்படைக்கலாம் என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். உள்ளூர் காவல்துறையையோ கடைக்காரரையோ கேட்டு அட்டையில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

பூட்ஸ் வரிசையை வைப்பதா வேண்டாமா? அஞ்சலி செலுத்துவது வேறு, தடுப்பது வேறு. இரண்டையும் ஒரே பந்தலில் கலக்கும்போதுதான் வம்பு. மலர், மெழுகுவத்தி, பெரிய புகைப்படம், "இனி வலியில்லை, ஓய்வெடு வீரனே" என்ற வாசகம் எல்லாம் சேர்ந்தால் இறப்பு ஒரு விடுதலையாகவும் கௌரவமாகவும் தெரியும். என் யோசனை பூட்ஸை விட்டுவிடுங்கள் என்பதே. விடவே முடியாதென்றால் ஒவ்வொரு ஜோடிக்குள்ளும் அட்டைகளை வையுங்கள், வருகிறவர்கள் எடுத்துப் போகட்டும்.

மகனை இழந்த குடும்பத்தின் பேச்சுக்கு இன்னும் கவனம் தேவை. துக்கம் புதிது என்றால் மேடை ஏற்றாதீர்கள். பேசுவதை முன்பே எழுதி வாங்கி ஒருமுறை சேர்ந்து படித்துப் பாருங்கள்: எப்படி இறந்தார், எந்த இடத்தில், என்ன எழுதிவைத்தார் என்பவை வேண்டாம். ஒற்றைக் காரணமும் வேண்டாம், "வி.ஏ. விண்ணப்பத்தை நிராகரித்ததால்" என்று ஒரே வரியில் முடித்தால், நிராகரிப்புக் கடிதம் கையில் வைத்திருக்கும் இன்னொருவருக்கு அது வழிகாட்டுவது போல ஆகிவிடும். மகன் எப்படி வாழ்ந்தான், அவர்கள் கவனித்த மாற்றங்கள் என்ன, இப்போது தெரிந்தது அப்போது தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்பதைப் பேசலாம். பேசி முடித்தவரை அன்று மாலை தனியே விடாமல் கூட ஒருவர் இருக்க வேண்டும், மறுநாள் ஃபோன் செய்ய வேண்டும். படையில் உறவை இழந்த குடும்பங்களுக்கென்றே 1994 முதல் டாப்ஸ் என்ற அமைப்பு இயங்குகிறது, தற்கொலையால் இழந்தவர்களுக்குத் தனிப் பிரிவும் உண்டு. அவர்களோடு முதலில் பேசச் சொல்லுங்கள். அந்தப் பேச்சுக்கு அடுத்து, நெருக்கடியைக் கடந்து வந்த ஒரு முன்னாள் படைவீரர் பேசினால் கூட்டம் இருட்டில் நிற்காது.

இது போன்ற நிகழ்ச்சி எதிலும் குறைந்தது ஒருவராவது அழுதபடி ஓரமாக வந்து நிற்பார். அதற்குத் தயாராக ஓர் அமைதியான அறை, உரிமம் பெற்ற ஆலோசகர் ஒருவர், யார் அவரை அங்கே அழைத்துப் போவது என்ற ஏற்பாடு, மருத்துவமனைக்குப் போக ஒரு கார். இதில்லாமல் நிகழ்ச்சி நடத்துவதற்குப் பதில் நடத்தாமலே இருக்கலாம். எண் அச்சடித்த சிறு அட்டைகளைப் பொது மேஜையில் அடுக்கினால் எல்லார் முன்பும் எடுக்கக் கூச்சப்படுவார்கள். கழிவறைக் கதவின் உட்புறம் ஒரு சின்னப் பையில் வையுங்கள், அங்கேதான் காலியாகும்.

நவம்பர் 12 அன்று எல்லாம் முடிந்துவிடக் கூடாது என்பதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் மனநல மருத்துவர் ஜெரோம் மோட்டோ, மருத்துவமனையிலிருந்து போய்ப் பிறகு சிகிச்சையைத் தொடர மறுத்தவர்களில் ஒரு பகுதியினருக்கு ஐந்து ஆண்டுகளில் 24 கடிதங்கள் அனுப்பினார். முதல் நான்கு மாதம் மாதம் ஒன்று, அடுத்த எட்டு மாதம் இரண்டு மாதத்துக்கு ஒன்று, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று. கடிதத்தில் இருந்தது இரண்டு வரி: நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறோம், எழுதத் தோன்றினால் மகிழ்வோம். எந்தக் கேள்வியும் இல்லை, எந்தக் கோரிக்கையும் இல்லை. கடிதம் பெறாதவர்களைவிடப் பெற்றவர்களிடம் முதல் இரண்டு ஆண்டுகளில் தற்கொலை குறைவாக இருந்தது. வி.ஏ. இப்போது நெருக்கடி எண்ணை அழைத்தவர்களுக்கு இதே மாதிரி கடிதங்கள் அனுப்புகிறது. உங்கள் குழுவால் மருத்துவம் பார்க்க முடியாது. ஆனால் பொங்கலுக்கு ஒன்று, ஜூலை 4-க்கு ஒன்று என்று ஆளுக்கு ஐந்து பேருக்குக் கையால் எழுதிய அட்டை அனுப்ப முடியும். பதில் வராவிட்டால் கோபித்துக்கொண்டு நிறுத்தாமல் இருப்பதுதான் இதில் கடினம்.

பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்று இருப்பதையும் எல்லாருக்கும் சொல்லுங்கள். ஒரே பக்கத் தாள். நெருக்கடி நெருங்குவதற்கான எனது அறிகுறிகள், நானே செய்துகொள்ளக்கூடியவை, மனத்தை மாற்றும் மனிதர்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடிய ஆட்கள், மருத்துவரும் எண்களும், வீட்டில் ஆபத்தானவற்றைத் தள்ளிவைப்பது என்று ஆறு பகுதி. ஐந்து வி.ஏ. அவசரப் பிரிவுகளில் இந்தத் தாளை நோயாளியோடு உட்கார்ந்து நிரப்பி, வீட்டுக்குப் போன 72 மணி நேரத்துக்குள் ஃபோன் செய்து தொடர்ந்தபோது, வழக்கமான சிகிச்சை மட்டும் தந்த வேறு நான்கு பிரிவுகளைவிட அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை சார்ந்த நடத்தை 45 சதவீதம் குறைவாக இருந்தது என்று 2018-இல் வெளியிட்டார்கள். நண்பர்கள் செய்ய வேண்டியது அந்தத் தாளில் தங்கள் பெயரும் எண்ணும் இருக்கச் சம்மதிப்பதும், இரவு இரண்டு மணிக்கு அடித்தாலும் எடுப்பதும்.

இதைப் படிக்கும் தமிழ்நாட்டுக்காரர்கள் 22 என்ற எண்ணையோ துப்பாக்கிப் பூட்டையோ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணக் கணக்கில் "ஓய்வுபெற்றோர்" என்ற பிரிவு உண்டு, முன்னாள் படைவீரர் என்ற தனிப் பிரிவு இல்லை. நம் ஊர்ச் சிப்பாய் நாற்பது வயதுக்குள்ளேயே ஓய்வுபெற்று வந்துவிடுகிறார். அதன்பின் ஏடிஎம் வாசலில் காவலாளி வேலை, நிலத் தகராறு, மதுக்கடை, பென்ஷனை எதிர்பார்க்கும் கூட்டுக் குடும்பம் என்று வேறு விதமான நெருக்கடி. கிராமத்தில் ஆபத்து அலமாரியில் இருக்கும் துப்பாக்கி அல்ல, திண்ணையில் இருக்கும் பூச்சிமருந்து. தள்ளிவைத்தால் உயிர் தப்பும் என்ற கொள்கை மட்டும் இங்கும் அதேதான்: காட்டுமன்னார்கோயில் பக்கம் இரண்டு கிராமங்களில், சினேகாவைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் குழு, பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் வங்கி லாக்கர் போன்ற பொதுப் பெட்டகத்தில் வைக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தது, ஊரார் அதை ஏற்றுக்கொண்டார்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்குக்கும் கட்டாயம் வந்துபோகும் ஆட்கள் இவர்கள். அங்கே பென்ஷன் படிவம் நிரப்பும் மேஜைக்கு மேல், உட்கார்ந்தவர் கண்ணுக்கு நேராக, 14416 என்ற எண்ணை ஒட்ட ஐந்து ரூபாய்கூட ஆகாது. தமிழிலேயே பேசுவார்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள் என்ற வரியை எண்ணுக்குக் கீழே சேர்த்து எழுத வேண்டும்; ஹிந்தியில் பேச வேண்டியிருக்குமோ என்று தயங்கியே பலர் ஃபோனை வைத்துவிடுவார்கள்.